எங்களிடம் கேட்ட கேள்விகள் எங்கே போயின?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கனடாவின் 2025ஆம் ஆண்டுக் குடிவரவு இலக்கு 500,000இலிருந்து 395,000ஆகக் குறைக்கப்பட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எத்தனை பேர் வரலாம் என்று எல்லோரும் கதைக்கிறோம். வந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று யார் பார்க்கிறார்கள்?

நான் 2001 தை மாதம், உறவினர் பொறுப்பேற்று அழைக்கும் 'ஸ்பொன்சர்' முறையில் வந்து இறங்கினேன். ஆறு மாதம் கழித்து, அரசின் புள்ளிவிவரத் திணைக்களத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். வேலை கிடைத்ததா, வீடு எப்படி, உடம்பு எப்படி, மனம் விட்டுக் கதைக்க ஆட்கள் உண்டா என்று நிறையக் கேட்டார். இரண்டாம் ஆண்டும் நாலாம் ஆண்டும் மறுபடி கேட்டார்கள். முதல் தடவை 'நல்ல சுகம்' என்று சொன்னேன். நாலாம் ஆண்டில் இரவு ஷிப்டும் கைக்குழந்தையுமாக நித்திரையே இல்லை. அதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

பிறகு ஒரு தகவலும் இல்லை. மகள் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான், அந்தக் கணக்கெடுப்பை வைத்து எழுதிய ஆய்வுகளை எனக்கு வாசித்துக் காட்டினாள். சுகதேகிகளாக வந்து இறங்குபவர்களின் உடல்நலம் சில வருடங்களிலேயே இறங்குகிறது, பெண்களுக்கு அது கூடுதலாக நடக்கிறது என்று அவற்றில் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருடமும் அதை என்னுடைய பலவீனம் என்றே நினைத்திருந்தேன்.

என் தம்பிக்கும் 2001இல்தான் 'லாண்டட்' எனும் நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தது. அவனிடம் யாரும் கேட்கவில்லை. இங்கே வந்து அகதிக் கோரிக்கை வைத்து, உள்ளேயிருந்தே விண்ணப்பித்தவர்களை அந்தக் கணக்கெடுப்பில் சேர்க்கவேயில்லை. ஈழத்திலிருந்து எத்தனையோ பேர் வந்த வழி அதுதானே!

மூன்று சுற்றோடு அந்தக் கணக்கெடுப்பும் நின்றது. ஆய்வாளர்களையும் அரசு அதிகாரிகளையும் ஒரே மேசையில் இருத்த 1996இல் தொடங்கிய 'மெட்ரோபோலிஸ்' திட்டத்துக்கான நிதியும் 2012இல் முடிந்தது. வரிப் பதிவுகளை வைத்து எங்கள் வருமானத்தை அரசு இன்றும் வருடாவருடம் பார்க்கிறது. நித்திரையும் தனிமையும் வரிப் படிவத்தில் வராது.

ஆய்வால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2012இல் அகதிகளுக்கான மருத்துவக் காப்பை அரசு வெட்டியபோது, வைத்தியர்களும் ஆய்வாளர்களும் நோயாளிகளுக்கு வந்த பாதிப்பைப் பதிவு செய்து பொதுவில் வைத்தார்கள். 2014 யூலையில் சமஷ்டி நீதிமன்றம் அந்த வெட்டு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2016இல் காப்பு முழுமையாகத் திரும்பி வந்தது.

குடிவரவு அமைச்சர் ஒவ்வொரு வருடமும் நவம்பர் 1க்குள் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும் என்பது சட்டம். இனி வரப்போகிறவர்களின் எண்ணிக்கையோடு, வந்தவர்களின் உடல்நலமும் மனநலமும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆய்வுகள் சொன்னதில் எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை, ஏன் என்று அமைச்சர் எழுதட்டும். அதன் சுருக்கம் தமிழிலும் வரட்டும். பதில் சொன்ன எங்களுக்கு அது உரியது. வாசகர்கள் தங்கள் தொகுதி எம்.பி.யிடம் இதைக் கேட்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

கணக்கெடுப்பு திரும்பத் தொடங்கினால் நான் மறுபடியும் பதில் சொல்வேன். இந்தத் தடவை தம்பியின் வீட்டுக் கதவையும் தட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்காபரோ, ஒன்ராறியோ