அடுக்களையில் ஜெபித்தவருக்கு ஏன் அப்பம் இல்லை? எங்கள் சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான மூப்பர்மாருக்கு, ஸ்தோத்திரம்.

வீட்டு ஜெபத்தில் அந்நியபாஷை, அதாவது ஆவியானவர் தருவதாக நம்பப்படும் அறியாத பாஷை, பேசினார் என்று ஒரு சகோதரியை நம் பிரதரன் சபையின் அப்பம் பிட்குதலிலிருந்து, அதாவது கர்த்தருடைய பந்தியிலிருந்து, விலக்கி வைத்ததைப் பற்றி உங்களிடம் நேரில் இரண்டு தடவை பேசிவிட்டேன். முதல் தடவை "ஜெபித்துக்கொள்ளுங்கள் பிரதர்" என்றீர்கள். அடுத்த தடவை, ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "அது முடிந்துபோன விஷயம்" என்றீர்கள். எனக்கு முடியவில்லை. பக்கத்து ஊர்ச் சபைகளிலும் இதே மாதிரி நடப்பதாகக் கேள்விப்படுவதால், எல்லாரும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் போடவில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

எனக்கு அந்நியபாஷை வரம் கிடையாது. அதற்காக எந்தக் காத்திருப்புக் கூட்டத்துக்கும் போனதில்லை. மைத்துனர் வற்புறுத்தியதால் ஒரே ஒரு பெந்தெகொஸ்தே கன்வென்ஷனுக்குப் போய், மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒருவர் அதே நாலு அசைகளை அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிச் சொன்னதைக் கேட்டுத் தலைவலியோடு திரும்பியவன் நான். அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை.

நான் பேச வந்தது அந்தச் சகோதரியைப் பற்றி. கணவர் இறந்து பதினோரு வருஷம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அப்பத்தைச் சனிக்கிழமை சாயங்காலமே சுட்டு, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். விடியற்காலை நாலு மணிக்கு அடுக்களையில் முழங்கால் போடுகிறவர். ஜன்னல் வழியாக ஏதோ காதில் விழுந்தது என்று யாரோ சொல்ல, உங்களில் இரண்டு பேர் போய் விசாரித்தீர்கள். அவர் மறைக்கவில்லை. "வார்த்தை முட்டிப்போற நேரத்துல அப்படி வருதுண்ணே, நானா வரவழைக்கிறதில்ல" என்றார். அதை விடும்வரை பின்னால் உட்காரச் சொல்லிவிட்டீர்கள். இப்போது அப்பத் தட்டு நாலாவது பெஞ்சோடு திரும்பிவிடுகிறது. அப்பம் பேக்கரியிலிருந்து வருகிறது. லேசாக இனிக்கிறது.

நீங்கள் காட்டிய வசனம் 1 கொரிந்தியர் 13:8. "அந்நியபாஷைகளானாலும் ஓய்ந்துபோம்." தீர்க்கதரிசனத்துக்கும் அறிவுக்கும் "ஒழிந்துபோம்" என்றும், பாஷைக்கு மட்டும் "ஓய்ந்துபோம்" என்றும் நம் பழைய மொழிபெயர்ப்பு பிரித்திருப்பது உண்மைதான். கிரேக்கத்திலும் வேறு வேறு வினைச்சொற்கள்தான். அந்த இரண்டாவது வினையின் அமைப்பை வைத்து, பாஷைகள் தானாகவே ஓய்ந்துவிடும், வேறொன்று வந்து அவற்றை நிறுத்த வேண்டியதில்லை என்று வேதபாட வகுப்பில் விளக்கினீர்கள். நானும் அன்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்புறம் லூக்கா 8:24-ஐத் தேடிப் பார்த்தேன். படகில் இயேசு எழுந்து காற்றையும் கொந்தளிப்பையும் அதட்ட, அவை நின்றுபோயின என்கிற இடம். அங்கேயும் அதே வினை, அதே அமைப்பு. காற்று தானாகவா நின்றது? இலக்கணத்தின் ஒரு விகுதியைப் பிடித்துக்கொண்டு ஒரு விதவையைப் பின் பெஞ்சுக்கு அனுப்ப முடியாது, அண்ணன்மாரே.

எப்போது ஓயும் என்பதைப் பவுல் இரண்டு வசனம் தள்ளிச் சொல்கிறார்: "நிறைவானது வரும்போது." வேதாகமம் எழுதி முடிந்ததுதான் அந்த நிறைவு என்கிறீர்கள். அதற்கும் இரண்டு வசனம் கீழே போங்கள். இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய், அப்பொழுது முகமுகமாய். வெளிப்படுத்தின விசேஷம் எழுதி முடிந்த நாளிலிருந்து நாம் எல்லாரும் முகமுகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோமா? போன மாத மூப்பர் கூட்டத்தில் ஹால் கூரைக் கணக்கில் நடந்ததைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வரலாற்றைக் கேட்டால் உங்கள் பக்கம் பலமான சாட்சிகள் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். நாலாம் நூற்றாண்டின் கடைசியில் திருச்சபைப் பிதாவான கிறிஸோஸ்தம் இதே நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்துக்குப் பிரசங்கம் பண்ணும்போது, இவையெல்லாம் நின்றுபோனதால் பவுல் என்ன சொல்கிறார் என்பதே விளங்கவில்லை என்றார். இன்னொரு திருச்சபைப் பிதாவான அகஸ்தீனும் முதலில் ஏறக்குறைய அப்படித்தான் பேசினார். ஆனால் வயதான காலத்தில், தன் ஹிப்போ பட்டணத்தில் இரண்டு வருஷத்துக்குள் ஏறக்குறைய எழுபது அற்புதங்கள் எழுத்தில் பதிவாகியிருப்பதாக எழுதினார். அவர் சொன்னது சுகமாகுதலைப் பற்றி, பாஷையைப் பற்றி அல்ல. என்றாலும் மனுஷர் தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். "எங்கள் நாளில் இதைக் காணோம்" என்பது சாட்சி. "இனிமேல் யாருக்கும் வராது, வந்தால் அது பொய்" என்பது போதகம். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நீங்கள் ஒரே எட்டில் தாண்டிவிடுகிறீர்கள்.

அருளப்பனைப் பற்றி நம் மேடையில் எத்தனையோ தடவை பெருமையாகப் பேசியிருக்கிறோம். ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், 1810-இல் பிறந்தவர், திருநெல்வேலி மிஷனரி ரேனியஸ் ஐயரின் மாணாக்கர். எக்ஸீட்டரில் பல் வைத்தியராக இருந்து எல்லாவற்றையும் விட்டு வந்த பிரதரன் முன்னோடி அந்தோணி நாரிஸ் குரோவ்ஸோடு ஊர் ஊராய் நடந்தவர். மிஷன் சம்பளம் வாங்காமல் விசுவாசத்தால் ஊழியம், பட்டம் பெற்ற குருவானவர் இல்லாமலே அப்பம் பிட்குதல் என்று நாம் இன்று பிடித்துக்கொண்டிருக்கிறவற்றைத் தமிழ் மண்ணில் முதலில் வாழ்ந்து காட்டியவர்களில் ஒருவர். வத்திராயிருப்பு பக்கத்துக் கிறிஸ்டியான்பேட்டை அவர் உண்டாக்கிய ஊர். இதெல்லாம் மேடையில் வரும். 1860 வராது.

அந்த வருஷம் அவருடைய சபைகளில் எழுப்புதல் வந்தது. ஜனங்கள் பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள், விழுந்தார்கள், தரிசனம் கண்டதாகச் சொன்னார்கள். ஜூன் மாதத்தில் நம்முடையவர்கள் சிலர் அறியாத பாஷைகளில் கர்த்தரைத் துதித்தார்கள், அவற்றின் அர்த்தமும் சொல்லப்பட்டது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். பெந்தெகொஸ்தே இயக்கத்தை உலகெங்கும் பரப்பிய லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருக் கூட்டம் தொடங்கியது 1906-இல். அதற்கு நாற்பத்தாறு வருஷம் முன்பு, எந்த வெள்ளைக்காரப் பெந்தெகொஸ்தே போதகரும் எட்டிப் பார்க்காத காலத்தில், நம்முடைய ஆட்கள் நடுவில் இது நடந்திருக்கிறது. அந்த நாட்குறிப்புகளை 1939-இல் தொகுத்து வெளியிட்ட ஜி. எச். லாங்கும் பிரதரன்காரர்தான். இருபதாம் நூற்றாண்டு அந்நியபாஷை இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர். ஆனாலும் அருளப்பனுடைய எழுத்தில் அந்தப் பகுதியை வெட்டிவிடவில்லை. நாம் வெட்டிவிட்டோம். இன்று அருளப்பன் உயிரோடு வந்து நம் ஹாலில் உட்கார்ந்தால் அவருக்கு எந்த பெஞ்ச்?

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்த எழுப்புதலின் அலை திருவிதாங்கூருக்கும் போனது. அங்கே யூஸ்துஸ் யோசேப்பு என்ற குருவானவர், தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர், 1881-இல் கர்த்தர் வருவார் என்று நாள் குறித்தார். வரவில்லை. நம்பி வந்தவர்கள் பட்ட பாடு பெரிய பாடு. 1907 தொடக்கத்தில் அசூசாவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து இறங்கிய கார் தம்பதியர், தங்களுக்கு ஆவியானவர் வங்காளம் கொடுத்திருக்கிறார் என்று நம்பி வந்தார்கள். வங்காளிகளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. டொராண்டோவில் வில்லியம் சமரின் என்ற மொழியியலாளர் பல நாட்டுக் கூட்டங்களைக் கவனித்து, பேசுகிறவருக்கு ஏற்கெனவே பழகிய ஒலிகளே இந்தப் பேச்சில் திரும்ப வருகின்றன, மனித மொழிக்குரிய கட்டமைப்பு இல்லை என்று 1972-இல் எழுதினார். பெந்தெகொஸ்தே நண்பர்கள் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அதிலும், பாஷை பேசாதவன் அபிஷேகம் பெறாதவன் என்று சொல்கிறவர்கள் "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்ற பவுலின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லட்டும். ஆனால் அது அவர்களுக்கு எழுத வேண்டிய மடல்.

நம் தமிழ் வேதாகமமே இதில் கொஞ்சம் குழப்புகிறது. 1 கொரிந்தியர் 13:8-இன் கிரேக்க மூலத்தில் "அந்நிய" என்ற சொல்லே கிடையாது. நாக்குகள், மொழிகள், அவ்வளவுதான். பழைய மொழிபெயர்ப்பில் "அந்நியபாஷை" என்று வாசித்தவர்கள் ஏதோ தூர தேசத்து மொழி என்று நினைத்தார்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு கொரிந்தியரில் "பரவசப்பேச்சு" என்று போட்டுவிட்டது, அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்தில் "மொழிகள்" என்று வைத்துக்கொண்டது. மொழிபெயர்ப்பாளர்களே ஆளுக்கொரு பக்கம் நிற்கிற இடத்தில், நீங்கள் மட்டும் எப்படி இவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள்?

அமெரிக்காவில் தெற்கத்திய பாப்டிஸ்ட் சபைகளின் சர்வதேச மிஷன் வாரியம், தனி ஜெபத்தில் பாஷை பேசுகிறவர்களை மிஷனரிகளாக எடுப்பதில்லை என்று 2005-இல் விதி போட்டது. அவர்கள் பெந்தெகொஸ்தேக்காரர்கள் அல்ல. பத்து வருஷம் போய் 2015-இல் அந்தத் தடையை அவர்களே எடுத்துவிட்டார்கள். நமக்கும் பத்து வருஷம் வேண்டுமா? அந்தச் சகோதரிக்கு இப்போதே அறுபத்தெட்டு.

அர்த்தம் சொல்லுகிறவன் இல்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று 1 கொரிந்தியர் 14:28-இல் இருக்கிறது. "சபையிலே பேசாமல், தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசக்கடவன்." அவர் சபையில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. முக்காடு போட்டு, பாட்டுக்குக்கூட மெல்லிய குரல்தான். வீட்டில், அடுக்களையில், நாலு மணிக்கு. பவுல் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார். அதே அதிகாரத்தின் கடைசிக்கு முந்தின வசனம் "தடைபண்ணாதிருங்கள்" என்கிறது. அதை எழுதியது யாருக்கு என்று பாருங்கள். கூச்சல் போட்ட கொரிந்து சபைக்குத்தான். அவ்வளவு குழப்பம் நடந்த இடத்திலேயே பவுல் தடை போடவில்லை.

வரம் இன்றும் இருக்கிறது என்று உங்களை மேடையிலிருந்து பிரசங்கிக்கச் சொல்லவில்லை. உங்கள் போதகம் உங்களோடு இருக்கட்டும், நானும் பாதி அந்தப் பக்கம்தான். தீர்ப்பை எழுதின நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, மூன்று பேரும் அவர் வீட்டுக்குப் போய், முன்பு உட்கார்ந்து விசாரித்த அதே திண்ணையில் உட்கார்ந்து, "சனிக்கிழமை அப்பம் சுட்டுவிடுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். கோதுமை மாவு நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஹால் சாவி என்னிடம்தான் இருக்கிறது. வழக்கம்போல எட்டரைக்குத் திறந்துவைக்கிறேன்.

கர்த்தருக்குள்,
உங்கள் சகோதரன், இரண்டாவது பெஞ்சிலிருந்து