பேத்தியின் அரங்கேற்றமும் ஒரு மூங்கில் கோலும்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேத்தியின் அரங்கேற்ற அலைச்சலில் பேனாவைத் தொட நேரமில்லை. நன்றாகவே ஆடினாள். ஒரே குறை, மேடையோரத்து அலங்காரத் தூணின் நிழல், வர்ணம் என்ற அந்த நீண்ட உருப்படி முடியும்வரை அவள் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு இளங்கோவடிகள் ஞாபகம்தான். மாதவி ஆடிய அரங்கில் தூண் நிழல் விழாதபடி விளக்கு ஏற்றினார்கள் என்று சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் சொல்கிறாரே! அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல்; ஒரு கோலுக்கு 24 பெருவிரல். கவிஞர் என்று பார்த்தால் மனிதர் கொத்தனார் கணக்குப் பேசுகிறார்.

இந்தக் கலையெல்லாம் எங்கே தொடங்கியது என்று கேட்டிருந்தாய். நாட்டிய சாஸ்திரம் பிரமனைக் கை காட்டுகிறது: ரிக் வேதத்திலிருந்து வசனம், சாமத்திலிருந்து பாட்டு, யஜுரிலிருந்து அபிநயம், அதர்வணத்திலிருந்து ரசம். இப்படிப் பங்கு பிரித்தது எனக்குக் கொஞ்சம் ஒட்டவில்லை. அடுத்து வரும் கதைதான் ருசி. முதல் நாடகமே அசுரர் தோற்ற கதை. பார்க்க வந்த அசுரர்களுக்குப் பொறுக்குமா? நடிகர்களுக்குப் பேச்சும் அசைவும் மறந்துபோகும்படி செய்துவிட்டார்கள். இந்திரன் கொடிக்கம்பை எடுத்து அடித்து நொறுக்கினான். அதுதான் ஜர்ஜரம். பிறகு பிரமன் வந்து, இது உங்களை மட்டம் தட்ட அல்ல, மூவுலகத்தார் நடப்பையும் காட்டுவதற்கு என்று சமாதானம் பேசினான். ஆதி நாடகத்துக்கே தகராறு, பார்!

அந்தக் கோல் மாதவியின் புகார் நகருக்கும் வந்திருக்கிறது. தோற்றோடிய மன்னனின் வெண்குடைக் காம்பைக் கொண்டுவந்து, கணுவுக்குக் கணு நவமணி பதித்து, பொன் தகடு சுற்றி, இந்திரன் மகன் சயந்தனாகவே பாவித்துக் கும்பிட்டார்கள். பட்டத்து யானையின் துதிக்கையில் கொடுத்து, தேரிலிருந்த கவியிடம் சேர்த்து, ஊர்வலம் போய் அரங்கில் அந்தத் தலைக்கோலை வைத்த பிறகுதான் மாதவி வலக்கால் வைத்து மேடையேறினாள். அப்போது அவளுக்கு வயது 12. ஏழு ஆண்டுப் பயிற்சி. சோழர் கல்வெட்டுகளில் ஆடும் பெண்களுக்கு ‘தலைக்கோலி’ என்றே பட்டம். வடமொழியா தமிழா, யார் யாரிடம் இந்தக் கோலை வாங்கினார்கள் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. மேடைக்கு ஒரு தடி காவல் வேண்டும் என்று இரண்டு பக்கமும் நினைத்திருக்கிறார்களே, அது போதும் எனக்கு.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். “எங்க டீச்சர்கிட்டயும் ஒண்ணு இருக்கு தாத்தா, தட்டுக்கழி. தாளம் தப்பினா கட்டையில விழற சத்தமே மாறிடும்” என்றாள்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மார்கழிக்கு வருவதானால் முன்கூட்டியே எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்