ஷெர்ரி வேறு, செர்ரி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் உலக நாடுகளின் மதுவகைகள் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. ஸ்பெயினுக்கு வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'செர்ரி ஒயின்' என்று தலைப்பு. பக்கத்தில் காம்போடு இரண்டு சிவப்புச் செர்ரிப் பழங்களின் படம். கீழே, 'பெண்கள் விரும்பும் இனிப்பு மது' என்று ஒரு வரி. மூன்றுமே தப்பு. அது ஷெர்ரி, திராட்சையில் செய்யும் ஸ்பெயின் ஒயின்.

நான் 26 வருஷம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரனாக இருந்தவன். 1993-ல் ஸ்பெயினின் தென்கோடியில் உள்ள காதிஸ் துறைமுகத்தில் எங்கள் கப்பலைப் பழுதுபார்க்க ஏற்றினார்கள். பத்து நாள் என்றார்கள், நாற்பது நாள் ஆயிற்று. அடுப்புக்கு வேலை குறைவு. அங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் ஹெரெஸ் என்ற ஊர். அரபியர் ஆண்ட காலத்தில் அதன் பெயர் ஷெரிஷ். அந்தப் பெயர்தான் ஆங்கிலேயர் வாயில் ஷெர்ரி ஆயிற்று. ஊர்ப் பெயர் ஐயா, பழத்தின் பெயர் இல்லை. ஹெரெஸ், கடலோரத்து சான்லூக்கர், எல் புவேர்த்தோ ஆகிய மூன்று ஊர்களையும் சுற்றியுள்ள வட்டாரத்து ஒயினுக்கு மட்டும்தான் 1996 முதல் ஐரோப்பாவில் அந்தப் பெயர் போடலாம்.

செய்வது பாலோமினோ என்ற வெளிர்பச்சைத் திராட்சையில். கொடி நிற்கும் மண் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, வெயிலில் கண் கூசும். மழைத் தண்ணீரை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு கோடை முழுக்கக் கொடிக்குக் கொடுக்கும் மண் அது.

ஒரு கிடங்குக்குள் போனேன். மாதாகோவில் மாதிரி உயர்ந்த கூரை, ஜன்னலுக்கு நார்ப்பாய், தரையில் மஞ்சள் மணல் பரப்பித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கருப்பு வண்ணம் பூசிய ஓக் பீப்பாய்கள், ஒவ்வொன்றும் 600 லிட்டர், வரிசைமேல் வரிசையாக. ஆனால் ஒன்றையும் வாய்வரை நிரப்புவதில்லை, ஆறில் ஒரு பங்கு காலி விடுகிறார்கள். ஏன் என்று காட்ட ஒரு பீப்பாய்க்கு மட்டும் முகப்பில் கண்ணாடி வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். ஒயினின் மேல் வெள்ளையாக, சுருக்கம் சுருக்கமாக, ஆறின பாலில் ஆடை படிந்த மாதிரி ஒன்று. அது ஈஸ்ட். அவர்கள் அதை 'ஃப்ளோர்' என்கிறார்கள். ஃப்ளோர் என்றால் பூ. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்த்து எங்கம்மா "பூத்துப்போச்சு" என்று தலையில் கை வைப்பாள். இவர்கள் பூக்கவேண்டும் என்றே தவம் கிடக்கிறார்கள்.

சூட்சுமம் முழுக்க இந்தப் பூவில்தான். சர்க்கரை எல்லாம் நொதித்துத் தீர்ந்த ஒயினில் திராட்சைச் சாராயம் கொஞ்சம் கலந்து ஆல்கஹாலை 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் பூ நன்றாகப் படியும், காற்றை ஒயினிடம் அண்டவிடாது. அப்படி வளர்வது ஃபினோ. வைக்கோல் நிறம், துளி இனிப்புக் கிடையாது, நாக்கில் பச்சைப் பாதாம் மாதிரி ஒரு கசப்பு. அதே சங்கதி சான்லூக்கரின் கடற்காற்றில் வளர்ந்தால் மன்சனிய்யா. அதில் உப்புக்கரிக்கிறது என்றே சொல்வேன். அங்கே ஒரு கடையில் பொடி இறாலையும் கடலைமாவையும் கலந்து மெல்லிய அடையாக மொறுமொறுவென்று பொரித்து, இந்த ஒயினோடு வைத்தார்கள். பொரித்த நெத்திலியும் வந்தது. கூனி வடை தின்று வளர்ந்த தூத்துக்குடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

சாராயத்தைக் கூட்டி 17 சதவீதம் தாண்டவிட்டால் பூ செத்துவிடும். காற்றுப் பட்டுப் பட்டு ஒயின் கறுக்கும். அது ஒலொரோசோ, பெயருக்கு அர்த்தமே 'மணமுள்ளது'. முகர்ந்தால் இனிக்கும் போலிருக்கும், குடித்தால் இனிக்காது. பல வருஷம் பூவின் கீழ் இருந்துவிட்டு, அப்புறம் காற்றில் வளர்வது அமோந்தியாதோ. நான் தேர்வதானால் அதைத்தான் தேர்வேன். சுட்ட முந்திரிக்கொட்டையை உடைத்ததும் வரும் வாசனை அதில் இருந்தது.

இனிப்பு இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. பேத்ரோ ஹிமேனெஸ் என்ற திராட்சையை வெயிலில் பாயில் காயவைத்துப் பிழிவார்கள். கன்னங்கரேலென்று, கிளாசைச் சாய்த்தால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இறங்கும். லிட்டருக்கு 400 கிராம் சர்க்கரைகூட இருக்கும். கருப்பட்டிப் பாகில் உலர்திராட்சையைக் கொதிக்கவிட்ட மாதிரி. இதையோ வேறு இனிப்பையோ ஒலொரோசோவில் கலந்தால் 'க்ரீம்' ஷெர்ரி. இங்கிலாந்தில் அது பிரபலம். உங்கள் கட்டுரையாளர் குடித்தது அதுவாக இருக்கலாம். அதை வைத்து மொத்தத்தையும் இனிப்பு என்பது, பாயசத்தைச் சாப்பிட்டுவிட்டு தமிழன் சமையலே இனிப்பு என்ற மாதிரி.

போர்ட் ஒயினும் இதுவும் ஒன்றுதான் என்றும் எழுதியிருக்கிறார். போர்ட் போர்ச்சுகலின் தோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் செய்வது. அங்கே நொதித்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் சாராயத்தை ஊற்றி ஈஸ்டைக் கொன்றுவிடுகிறார்கள், மீதிச் சர்க்கரை அப்படியே நிற்கும். அதனால் அது இனிக்கிறது. இங்கே நொதித்து முடிந்த பிறகு ஊற்றுகிறார்கள். எப்போது ஊற்றுகிறோம் என்பதில் சுவையே தலைகீழாகிவிடுகிறது.

பாட்டிலில் பெரும்பாலும் திராட்சை விளைந்த வருஷம் போட்டிருக்காது, அதற்கும் காரணம் உண்டு. அடிவரிசைப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்தால், எடுத்த அளவை அதன் மேல்வரிசையிலிருந்து ஊற்றுவார்கள். அதற்கு அதன் மேலே. உச்சியில் புது ஒயின். எந்தப் பீப்பாயையும் காலி செய்வதே இல்லை. நம் வீட்டு உறைமோர்க் கணக்குத்தான். இன்றைய தயிரில் பாட்டி காலத்துத் தயிர் ஒரு சொட்டாவது இருக்குமே.

நானும் ஒரு தப்பு செய்தவன்தான். அங்கே வாங்கிய ஃபினோவில் பாதியை வைத்து மூடி, அடுப்பங்கரை அலமாரியில் பிராந்திக்குப் பக்கத்தில் செருகிவிட்டேன். மூன்று வாரம் கழித்துக் கேப்டனின் பிறந்தநாளுக்கு எடுத்து ஊற்றினால், ஒரு வாய் குடித்துவிட்டு, "குக், இது என்ன ஆறின டீத்தண்ணியா?" என்றார். ஃபினோவைத் திறந்தால் குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடவேண்டும். அன்றைய கள்ளை அன்றைக்கே குடிக்கவேண்டும் என்று தெரிந்த ஊர்க்காரனுக்கு இது தெரியாமல் போனது வெட்கம்.

இப்போது டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். குடிக்கச் சொல்லி யாரையும் கிளப்பிவிட இதை எழுதவில்லை. ஒரு சிறு திருத்தம் போட்டால் போதும். படம் வேண்டுமென்றால் பச்சைத் திராட்சைக் கொத்தாகப் போடுங்கள். உங்கள் செர்ரிப் படத்தைப் பார்த்துவிட்டு என் பேத்தி, "தாத்தா, கேக் மேல வைக்கிற செர்ரியிலயா ஒயின் செய்றாங்க?" என்று கேட்கிறாள். பேக்கரி கேக்கின் மேல் இருப்பது பெரும்பாலும் சாயம் ஏற்றிய களாக்காய். அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர்,
தூத்துக்குடி