மூன்றாவது கண்ணாடியும் உடைந்துவிட்டது

நீர்த்தேக்கத்தில் எப்போது தண்ணீரை ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று முடிவெடுக்கும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். போன வாரக் கூட்டத்தில் நான் கேட்டது ஒரே கேள்வி. நீர்த்தேக்கத்தை ஒட்டிய எங்கள் மலைச்சரிவில் துளை போட்டு, நகர்வை அளக்கும் கருவிகளை இறக்கியிருக்கிறீர்களே, அவை என்ன காட்டுகின்றன? "வதந்தி பரப்பாதீர்கள்" என்று பதில் வந்தது. அளவு என்ன என்று கேட்பது எப்படி வதந்தியாகும் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. அதனால்தான் இந்த மடலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எந்தச் சரிவு, எந்த விரிசல் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அளந்ததே நீங்கள்தான். எங்கள் வீட்டுப் பின்சுவர் விரிசலின் குறுக்கே உங்கள் ஆட்கள் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதியும் எழுதிவிட்டுப் போனார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், உடைந்தால் சொல்லுங்கள் என்றார்கள். உடைந்தது, சொன்னோம். வேறொன்று ஒட்டினார்கள், அதுவும் உடைந்தது. இப்போது சுவரில் மூன்று தேதிகள் இருக்கின்றன. மூன்றாவது துண்டு உடைந்தது, நீங்கள் தண்ணீரை மளமளவென்று இறக்கிய அதே வாரத்தில். நிலை கோணிப்போய்க் கதவு இறுகிக்கொள்கிறது. ஒரு நாள் அம்மா உள்ளே மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகத்தான் வெளியே வந்தார். அன்றிலிருந்து கதவைத் திறந்து போட்டு, அதன் பக்கத்திலேயே, செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறார். மழை பெய்தாலும் அப்படித்தான்.

தண்ணீர் ஏறும்போது சரிவின் அடிவாரம் ஊறுகிறது, பாறை இடுக்குகளில் நீரழுத்தம் கூடுகிறது, மேலே இருக்கும் மலையைப் பிடித்து வைத்திருக்கும் உராய்வு குறைகிறது. சரி, இறக்கினால் சரியாகிவிடுமா? வேகமாக இறக்கினால் இன்னும் மோசம். வெளியே தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் போய்விடும், உள்ளே ஊறிய தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வடியாது. நடுவில் மெல்லிய களிமண் படலம் ஒன்று இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், மேலே இருப்பது அதன் மீது வழுக்கிவிடும். இதெல்லாம் நீங்கள் படித்த பாடம், நாங்கள் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

இத்தாலியின் வயோன்ட் அணையை நீங்கள் மறந்திருக்க முடியாது. 1960 நவம்பர் 4 அன்று ஏழு லட்சம் கன மீட்டர் பாறை நீர்த்தேக்கத்தில் விழுந்தது, மேலே டோக் மலையில் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிசல் ஓடியது. நீர்மட்டத்தை ஏற்றி இறக்கியே மலையைக் கட்டுப்படுத்திவிடலாம் என்று நம்பினார்கள். ஏற்றினால் நகரும், இறக்கினால் நிற்கும், அப்படித்தான் முதலில் தெரிந்தது. 1963 அக்டோபரில் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தபோதே நகர்வு கூடிக்கொண்டே போனது. 9ஆம் தேதி இரவு சுமார் 27 கோடி கன மீட்டர் மலை ஒரு நிமிடத்துக்குள் உள்ளே இறங்கியது. அலை அணையைத் தாண்டிப் போய் கீழே இருந்த லாங்கரோனே என்ற ஊரைத் துடைத்துவிட்டது. கிட்டத்தட்ட 2,000 பேர். அணை மட்டும் இன்றும் நிற்கிறது. ஆபத்தை முன்பே எழுதிய டீனா மெர்லின் என்ற பத்திரிகையாளர் மீது பொய்ச் செய்தி பரப்பியதாக வழக்குப் போட்டார்கள், 1960இல் நீதிமன்றம் விடுவித்தது. கூட்டத்தில் நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார்.

எங்கே போய்க் கேட்டாலும் "அணை பலமாக இருக்கிறது" என்கிறீர்கள். நாங்கள் அணையைப் பற்றிக் கேட்கவே இல்லையே. கான்கிரீட்டுக்குக் காட்டும் அக்கறையில் பாதியை அதைச் சுற்றியிருக்கும் மலைக்குக் காட்டினால் என்ன? நியூசிலாந்தில் கிளைட் அணை நீர்த்தேக்கத்தை நிரப்பும் முன், பள்ளத்தாக்கின் சரிவுகளுக்குள் கிலோமீட்டர் கணக்கில் சுரங்கம் குடைந்து தண்ணீரை வடித்தார்கள். செலவும் தாமதமும் ஆனது, ஆனாலும் செய்தார்கள். இங்கே ஒரு தாளைக் காட்டவே மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துளையின் இரும்பு மூடிக்கு ஒரு பூட்டு, அதன் சாவி உங்களிடம், அதற்குள் நகர்வது எங்கள் நிலம்.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். சரிவின் நகர்வு, உள்ளே இருக்கும் நீரழுத்தம், ஏரியின் நீர்மட்டம் மூன்றையும் தேதியோடு, வாரம் ஒருமுறை எங்கள் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள். அதுவரை தண்ணீரைத் தயவுசெய்து மெதுவாக இறக்குங்கள். எந்த அளவைத் தாண்டினால் நாங்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள், அன்று இரவு வந்து சொல்ல வேண்டாம்.

நான்காவது கண்ணாடி ஒட்ட ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் கையிலேயே அந்த அளவுகளையும் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
சரிவில் குடியிருப்பவன்