எங்கள் கருவிகளைச் சோதிக்க 200 மீட்டர் சாலை தாருங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களின் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர்களுக்கும் மாநகராட்சிப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

ஒரு சாலைக்குத் தார் போட்டு முடித்ததும் கலவையைச் சோதிக்கிறீர்கள், கனத்தை வெட்டியெடுத்து அளக்கிறீர்கள். மேற்பரப்பு எவ்வளவு சமமாக இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும், பெரிய நெடுஞ்சாலைகளை விட்டு உள்ளே வந்துவிட்டால், பெரும்பாலும் மூன்று மீட்டர் மட்டக்கட்டையும் கண்பார்வையுமே பதில் சொல்கின்றன. நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிச் செல்லும் லாரிக்காரரும், விடியற்காலையில் பனியன் கம்பெனி வேனில் குலுங்கிக்கொண்டு போகும் பெண்களும் அந்தச் சமமின்மையைத் தினமும் அனுபவிக்கிறார்கள். அது ஒரு எண்ணாக உங்கள் அளவுப் புத்தகத்தில் ஏற வேண்டும் என்பதற்காகவே, அதை அளக்கும் கருவியைச் செய்த கோவைப் பட்டறைக்காரர் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்த எண் புதிதல்ல. உலக வங்கி 1982இல் பிரேசிலில் நடத்திய சோதனையிலிருந்து பிறந்த ஐ.ஆர்.ஐ. என்ற பன்னாட்டுச் சாலைச் சமமின்மைக் குறியீட்டை நீங்கள் அறிவீர்கள். காரின் ஒற்றைச் சக்கரம் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பரப்பின்மேல் ஓடினால் அதன் ஸ்பிரிங் மொத்தம் எத்தனை மீட்டர் அசையும் என்று கணக்கிட்டு, ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர் என்று சொல்வது அது. சாலையின் மேடுபள்ளத்தை அளக்க நம் நாட்டில் பழக்கத்தில் உள்ள பம்ப் இன்டகிரேட்டர் வண்டியை மணிக்கு 32 கிலோமீட்டரில் சீராக இழுத்துச் செல்ல வேண்டும். சந்தை நாளில் பொள்ளாச்சியின் குறுகலான தெருவிலோ, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய வீதியிலோ அந்த வேகத்துக்கு இடமேது? அங்கே தேவைப்படுவது கையால் தள்ளிச் செல்லும் சிறிய கருவி.

அப்படிப்பட்ட கருவிக்கு இப்போது பெரிய முதலீடு வேண்டியதில்லை. ஒரு சக்கரம், அதன் சுழற்சியை எண்ணும் என்கோடர், 250 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு தொடுபுள்ளிகள் கொண்ட சட்டம், சாய்வை அறியும் சென்சார், இவற்றை ஆளும் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினி) போர்டு. இஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை பைக்கோ போன்ற போர்டுகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மின்மோட்டாரை 1937இலேயே செய்துகாட்டிய ஊர் எங்கள் கோவை. லேத், வார்ப்படம், பேனல் போர்டு என்று எதற்கும் இங்குள்ள கணபதி, பீளமேடு பகுதிகளைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

"செல்போனிலேயே சென்சார் இருக்கிறதே, ஒரு செயலி போதாதா?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். போதாது. செல்போன் அளப்பது, அது ஏறியிருக்கும் வண்டியின் குலுக்கலை. ஒரே சாலையைப் புல்லட்டில் அளந்தால் ஒரு விடை வரும், ஷாக் அப்சார்பர் தேய்ந்த பேருந்தில் அளந்தால் இன்னொன்று வரும். அதோடு, போன் ஒரே நேரத்தில் பத்து வேலை பார்க்கிறது. சென்சாரை எந்த நொடியில் படிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

அந்த நேரக் கணக்குதான் இந்தக் கருவியின் உயிர். 250 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு மில்லிமீட்டர் ஏற்றம் என்றால் சட்டம் சாய்வது ஏறத்தாழ 0.23 பாகை. தள்ளிச் செல்பவர் நடையைச் சற்று விரைவுபடுத்தி, நொடிக்கு நொடி 0.1 மீட்டர் வேகம் கூடினாலே, சாய்வுச் சென்சார் அதை 0.58 பாகைச் சாய்வு என்று எண்ணிக்கொள்கிறது. தார் மட்டமாகத்தான் இருக்கும். கருவியோ இரண்டு மில்லிமீட்டருக்கும் மேல் மேடு என்று எழுதிவிடும். சக்கரத்தின் வேகமாற்றத்தை அதே கணத்தில் படித்துக் கழித்தால்தான் உண்மை மிஞ்சும். மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடையில் அந்த 250 மில்லிமீட்டரைக் கடக்கக் கால் நொடிகூட ஆவதில்லை. என்கோடரின் ஒவ்வொரு துடிப்புக்கும் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு உடனே பதில் சொல்வது மைக்ரோகண்ட்ரோலரின் இயல்பு. அதற்காகவே இந்தச் சிப்பை வற்புறுத்துகிறேன்.

வேறு சங்கடங்களும் உண்டு. அளவுகளைச் சேமிக்கும் எஸ்.டி. கார்டு எழுதும்போது இடையிடையே திணறி நிற்கும். அந்த நேரத்து அளவுகளை நினைவகத்தில் தேக்கி வைக்காவிட்டால் சாலையில் ஒரு துண்டு காணாமல் போகும். சித்திரை மதியத்துத் தார் சூட்டில் சாய்வுச் சென்சாரின் பூச்சியம் நகரும். வெப்பநிலையையும் கூடவே பதிந்து திருத்த வேண்டும். ரப்பர் சக்கரத்தின் விட்டம் நூற்றில் ஒரு பங்கு தேய்ந்தால் ஒரு கிலோமீட்டருக்கு 10 மீட்டர் பிசகும். கோவையில் எந்தப் பட்டறையும் இவற்றைச் சமாளித்துவிடும்.

எங்களால் முடியாத ஒன்று இருக்கிறது. நாங்கள் செய்த பெட்டி சொல்லும் எண் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க, உயரம் துல்லியமாக அளக்கப்பட்ட ஒரு சாலைத் துண்டு எங்களிடம் இல்லை. போன வழியே கருவியைத் திருப்பிக்கொண்டு வந்து, புறப்பட்ட புள்ளியின் உயரம் மீண்டும் பூச்சியமாகிறதா என்று பார்க்கலாம். சென்சாரின் நிலையான பிழை அதில் அகப்பட்டுவிடும். ஆனால் அது கருவி தன்னைத் தானே சோதித்துக்கொள்வது. ஒப்பந்ததாரரின் பில்லை நிறுத்தும் அளவுக்கு அந்தச் சான்றுக்கு வலு கிடையாது, இருக்கவும் கூடாது. தவறான கருவியை நம்பி, நல்ல வேலை செய்தவரின் பணத்தைப் பிடித்து வைப்பது அநியாயம்.

ஆகவே நான் கேட்பது, மாவட்டத்துக்கு ஒரு 200 மீட்டர் நேர்ச்சாலை. போக்குவரத்தைத் திருப்பிவிட வசதியான இடமாக இருக்கட்டும். இரண்டு சக்கரத் தடங்களிலும் 250 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் லெவல் கருவியும் அளவுகோலும் வைத்து, அரை மில்லிமீட்டர் துல்லியத்தில் அளக்க வேண்டும். தடத்துக்கு 801 புள்ளிகள் வரும். பொறியியல் கல்லூரிகளில் சர்வே படிக்கும் சிவில் மாணவர்களைக் கேளுங்கள். வெயில் ஏறிக் கானல் ஆடத் தொடங்குமுன் செய்ய வேண்டிய விடியற்காலை வேலை இது. அந்த உயரப் பட்டியலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுங்கள். மழைக்காலத்துக்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் திரும்ப அளந்து புதுப்பியுங்கள். புதுச்சாலையைப் போலவே பழைய, கரடான சாலை ஒன்றும் வேண்டும். வழவழப்பான பரப்பில் மட்டும் தேறிய கருவியை நம்பக் கூடாது.

அங்கே தேறும் கருவிகளை மட்டும் அங்கீகரியுங்கள். அப்படி அங்கீகரிக்கும்போது ஒரு நிபந்தனை போடுங்கள்: இறுதி எண் மட்டும் போதாது, சென்சார் தந்த மூல அளவுகள் நேரக் குறிப்போடு உங்கள் அலுவலகத்துக்கு வர வேண்டும். ஐ.ஆர்.ஐ. கணக்கை யாரும் மறுபடி போட்டுப் பார்க்க அதுவே வழி. செய்பவருக்குச் சிறிது கூடுதல் வேலைதான். நான் அதற்கு மனமார உடன்படுகிறேன்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறந்ததும் அளவுப் பணியைத் தொடங்கலாம். உங்கள் அலுவலகம் இடத்தைக் குறித்து அறிவித்தால், என் கருவியை அங்கே கொண்டுவந்து, உங்கள் பொறியாளர் கையிலேயே கொடுத்துத் தள்ளிப் பார்க்கச் சொல்கிறேன். தேறாவிட்டால் திருத்திக்கொண்டு மீண்டும் வருகிறேன்.

இப்படிக்கு,
கணபதியில் பம்ப்செட் பேனல் போர்டு செய்யும் பட்டறைக்காரர்
கோவை