ஜெர்சி சிட்டி மயில்கள்

ஜெர்சி சிட்டி
5 மே 2024

அன்புள்ள மாமாவுக்கு,

கலா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலம்தானே? முழங்கால் வலிக்குப் புது மாத்திரை கேட்கிறதா?

போன வாரம் போனில் "உன் கூடைப்பந்து டீம் என்ன ஆச்சு?" என்று கேட்டீர்கள். நான் தொடங்குவதற்குள் கரண்ட் போய் லைன் அறுந்துவிட்டது. அது போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டிலிருந்து கென்னடி பூலிவார்டு வழியாக நடந்தால் செயின்ட் பீட்டர்ஸ் பல்கலைக்கழகம் வந்துவிடும். 1872இல் இயேசு சபைப் பாதிரிமார் தொடங்கியது. பெயர்தான் பல்கலைக்கழகம், இளங்கலையில் சுமார் 2,000 பேர்தான் படிக்கிறார்கள், நம்மூர்ப் பக்கத்தில் ஒரு நடுத்தரக் கல்லூரி அளவு. அதன் கூடைப்பந்து அணியின் பெயர் மயில்கள். 1600களில் டச்சுக்காரர் ஒருவர் இந்தப் பகுதிக்குச் சொந்தக்காரராக இருந்தாராம். அவருடைய குடும்பப் பெயருக்கு அவர்கள் மொழியில் மயில் என்று அர்த்தம். அதைத்தான் கல்லூரி எடுத்துக்கொண்டது. வந்த புதிதில் யாரையும் தெரியாமல் தனியாக நடந்து போனபோது, சுவரில் தோகை விரித்த மயிலைப் பார்த்தேன். நம்ம பெரியகுளம் பாலசுப்பிரமணியர் கோயில் ஞாபகம் வந்து அங்கேயே நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து பந்து தரையில் அடிபடும் சத்தம் கேட்டது. நீங்கள் பயிற்சி கொடுத்து வளர்த்தவள் நான், அந்தச் சத்தம் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2022 மார்ச்சில் நடந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இங்கே வருஷா வருஷம் 68 கல்லூரி அணிகள் மோதும் தேசியப் போட்டி நடக்கும். ஒரு தடவை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அணிகளை நான்கு பிரிவாக்கி, ஒவ்வொன்றிலும் பலத்தின்படி 1 முதல் 16 வரை வரிசைப்படுத்துவார்கள். நம் மயில்கள் 15. முதல் ஆட்டத்தில் எதிரே கென்டக்கி, எட்டு முறை சாம்பியன். கென்டக்கி ஆண்கள் அணிக்கு ஒரு வருஷச் செலவு சுமார் 1.8 கோடி டாலர், இவர்களுக்கு 16 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின.

குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். கடைசி அரை நிமிஷத்தில் டக் எடர்ட் என்ற மீசைக்காரப் பையன் கூட்டத்துக்குள் புகுந்து பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டு 71-71 ஆக்கினான். ஓவர்டைம். அதில் 85-79 என்று ஜெயித்துவிட்டார்கள். டேரில் பேங்க்ஸ் 27 புள்ளி. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாது, அன்றைக்கு எங்களுக்குக் குழைந்த சோறுதான். அப்புறம் முர்ரே ஸ்டேட்டை 70-60, பர்டியூவை 67-64. 15ஆம் இடத்து அணி கடைசி எட்டுக்குள் நுழைந்தது அதுவரை நடந்ததே இல்லை. நியூவர்க் அவென்யூவில் நம் ஆட்கள் மளிகைக் கடைகளில்கூட இதே பேச்சு. கடைசியில் நார்த் கரோலினாவிடம் 69-49 என்று தோற்றார்கள். அந்தத் தோல்வி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அதற்கடுத்த இரண்டு மாதம்தான் வலித்தது. கோச் ஷாஹீன் ஹாலோவே, தான் படித்த சீட்டன் ஹால் கல்லூரிக்கே கோச்சாகப் போய்விட்டார். பிறகு பையன்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பேங்க்ஸ், எடர்ட், பந்தைத் தட்டிவிடுவதில் கில்லாடியான என்டெஃபோ, மாலி நாட்டிலிருந்து வந்திருந்த இரட்டையர்கள், எல்லாரும். 2021 முதல், கல்லூரி மாறினால் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டும் என்ற விதியைத் தளர்த்திவிட்டார்கள். அதே வருஷம் பையன்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் பணம் வாங்கவும் அனுமதி வந்தது. சின்னக் கல்லூரியில் ஒருவன் நன்றாக ஆடினால் வசந்த காலத்திலேயே பெரிய இடம் கூப்பிட்டுவிடும்.

காலியான கோர்ட்டைப் புதிதாக நிரப்ப வந்தவர் பஷீர் மேசன். அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அவர் வந்த வழி உங்கள் வழி. இந்த ஊரில் செயின்ட் அந்தோணி என்று ஒரு சிறு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்குச் சொந்தமாக ஒரு ஜிம்கூடக் கிடையாது. நியூவர்க் அவென்யூவில் இருக்கும் ஒயிட் ஈகிள் ஹாலில், பிங்கோ விளையாடும் கூடத்தில், பயிற்சி எடுத்தார்கள். பாப் ஹர்லி என்ற கோச், நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் அரசு வேலை பார்த்துக்கொண்டே அந்தப் பிள்ளைகளை வளர்த்து, 28 மாநிலக் கோப்பைகளை வாங்கிக் கொடுத்தார். பணமில்லாமல் 2017இல் பள்ளியையே மூடிவிட்டார்கள். மேசன் அந்தப் பள்ளிப் பையன், ஹர்லியின் கையில் வளர்ந்தவர். அந்த மண்டபத்தைத் தாண்டும்போதெல்லாம், மழைக்காலத்தில் நீங்கள் எங்களை அரிசி ஆலைக் களத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட விட்டது நினைவுக்கு வரும்.

மேசனின் முதல் வருஷத்தில் தோல்விகள்தான் அதிகம். இந்த வருஷம் ஐந்தாறு ஆட்டம் நேரில் போய்ப் பார்த்தேன். அரங்கம் சின்னது. எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் ஷூ கிறீச்சிடுவதும் கோச் கத்துவதும் காதில் விழும். பெயர் 'ரன் பேபி ரன் அரீனா'. 1968இல் டியூக் பல்கலைக்கழக அணியை 100-71 என்று அடித்த அணியின் நினைவாக வைத்தது. என் பக்கத்தில் வழக்கமாக ஒரு பெரியவர் வருவார். மடித்த தாளில் பென்சிலால் ஒவ்வொரு ஃபவுலையும் குறிப்பார். இரண்டாம் முறை பார்த்தபோது, "நீ பந்தைப் பார்ப்பதில்லை, கால்களைப் பார்க்கிறாய், யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். எங்கள் மாமா என்றேன்.

கால்களைப் பார்த்தால்தான் இந்த அணி புரியும், மாமா. ஷூட்டிங் சுமார்தான். ஆனால் டிஃபென்ஸில் ஒருவனும் நிமிர்ந்து நிற்கவில்லை. நீங்கள் சொல்வீர்களே, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார் என்று, அப்படியே நாற்பது நிமிஷமும். தங்கள் லீக் போட்டிக்கு ஐந்தாம் இடத்து அணியாகத்தான் அட்லாண்டிக் சிட்டி போனார்கள். மார்ச் 16 அன்று ஃபேர்ஃபீல்டை 68-63 என்று தோற்கடித்துக் கோப்பையோடு வந்தார்கள். தேசியப் போட்டியில் மறுபடியும் 15ஆம் இடம். இந்தத் தடவை டென்னசி 83-49 என்று நசுக்கிவிட்டது. உயரத்திலும் பலத்திலும் ஈடு கொடுக்க முடியவில்லை. அதை ஒளிக்க மாட்டேன்.

சரி, இனி என்ன? அதைத்தானே கேட்டீர்கள். அணியிலேயே நன்றாக ஆடிய கோரி வாஷிங்டன் விச்சிட்டா ஸ்டேட்டுக்குப் போகிறான். போன மாதம் விதி இன்னும் தளர்ந்துவிட்டது. படிப்பில் தேறினால் போதும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். ஆக வருஷா வருஷம் பாதி அணி காணாமல் போகும் என்று வைத்துக்கொண்டுதான் மேசன் வேலை செய்ய வேண்டும். என் கணிப்பு இதுதான்: அவர் இருக்கும்வரை இந்த அணி அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் இன்னொரு முறை மார்ச் போட்டிக்குப் போகும். டிஃபென்ஸுக்குப் பெரிய பணம் தேவையில்லை, புதுப் பையனுக்கும் ஒரு சீசனில் கற்றுத் தரலாம். அவரும் போய்விட்டால் நம்பிக்கை வைக்க முடியாது. பையன்களைவிட அவரைத்தான் தக்கவைக்க வேண்டும்.

போனவர்கள் மேல் முன்பு எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை. நீங்கள் வளர்த்த பிள்ளைகளைச் சென்னையிலிருந்து வந்து ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கும் கல்லூரிக்கும் கூட்டிப்போவார்கள். சிலருக்கு ரயில்வேயிலோ பேங்க்கிலோ வேலையும் கிடைத்தது. அப்படிப் போகும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் பஸ் ஸ்டாண்டுவரை போய் வழியனுப்பிவிட்டு, மறுநாள் காலை ஐந்தரைக்கு வேறு ஆறு பேரைக் கோர்ட்டில் நிறுத்துவீர்கள். ஒரு நாள்கூட லீவு விட்டதில்லை. அப்போது எனக்குப் புரியவில்லை, ராத்திரி அத்தையிடம் நீங்கள் சாப்பாடு வேண்டாம் என்று சொன்னது மட்டும் தெரியும்.

மே வந்துவிட்டது. நம் பெரியகுளத்தில் அகில இந்தியப் போட்டிக்கு கேலரி கட்ட ஆரம்பித்திருப்பார்கள். யார் யார் வருகிறார்கள் என்று எழுதுங்கள். போன வருஷம் சென்னைக்குப் போன அந்த இடது கைப் பெண், லீவுக்கு வந்தால் இப்போதும் காலையில் கோர்ட்டுக்கு வருகிறாளா? அவளுடைய கால் அளவைக் கேட்டு அனுப்புங்கள். ஆகஸ்டில் ஊருக்கு வரும்போது ஒரு ஜோடி ஷூ வாங்கி வருகிறேன்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்
கலா