சோழவரத்துக்கு நேர்ந்தது இருங்காட்டுக்கோட்டைக்கு வேண்டாம்

மதிப்புக்குரிய தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தாருக்கும், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் வியாசர்பாடிக்காரன். எங்கள் நைனா டூவீலர் மெக்கானிக். எண்பதுகளில் சோழவரத்தில் ரேஸ் என்றால் அன்றைக்குக் கடைக்கு லீவு. செங்குன்றம் வரை பஸ், அதற்கு மேல் கிடைத்த வண்டி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானம் இறங்குவதற்காகப் போட்ட ஓடுதளம் அது. ஒதுங்க நிழல் கிடையாது. கட்டிக்கொண்டு போன புளிசோற்றிலும் புழுதி விழும். எரிந்த ஆமணக்கெண்ணெய் வாசனை சட்டையிலேயே வீட்டுக்கு வரும். திருவொற்றியூர் என்ஃபீல்டு, எண்ணூர் லேலண்டு ஆட்கள் கும்பலாக நிற்பார்கள். ஒரு பைக்கின் சத்தம் லேசாக மாறினால் போதும், பக்கத்தில் நிற்பவர் "கார்புரேட்டர் ஜெட் அடைச்சுக்கிச்சு" என்பார். அடுத்த சுற்றில் அந்த பைக் வராது. மோட்டார் என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அந்த வெயிலில்தான்.

1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது. வர வேண்டியதுதான்; ஓடுதளத்தில் காலத்துக்கும் ரேஸ் விட முடியாது. ஆனால் சோழவரம் அத்தோடு மறந்துபோனது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் அதே போர்க்கால விமானத்தளம்தான். 1950 மே மாதம் உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் நடந்த இடம், இன்றைக்கும் அங்கே ரேஸ் ஓடுகிறது.

அப்படிப்பட்ட பழைய டிராக்குகளுக்கே இப்போது நெருக்கடி. 2026 ஃபார்முலா ஒன் பந்தயப் பட்டியலில் இத்தாலியின் இமோலா இல்லை. அதே பட்டியலில் மாட்ரிட் புதிதாக வந்திருக்கிறது. பெல்ஜியத்தின் ஸ்பா 2028லும் 2030லும் ஓய்வு எடுக்க வேண்டும். லாஸ் வேகாஸில் 2023லிருந்து ராத்திரியில் விளக்கொளியில் தெரு ரேஸ். பணமும் ஜொலிப்பும் எங்கே இருக்கிறதோ அங்கே பந்தயம் போகிறது. மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 14 கிலோமீட்டர் இருந்த ஸ்பாவை 1979ல் பாதியாகச் சுருக்கினார்கள். ஓட்டுநர் உயிரோடு வீடு திரும்பச் செய்த மாற்றம் அது, கையெடுத்துக் கும்பிடலாம். விருந்தினர் மாடமும் பாட்டுக் கச்சேரி மேடையும் கட்டு, இல்லாவிட்டால் பந்தயம் இல்லை என்பது வேறு கதை. அந்தச் செலவு கடைசியில் டிக்கெட்டில்தான் ஏறும். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிற மனிதர் அப்போது வேலிக்கு வெளியே நிற்பார்.

2024 ஆகஸ்ட் 31 அன்று தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டருக்கு நீங்கள் நடத்திய இரவுப் பந்தயம் எனக்குப் பிடித்திருந்தது. மனசாரச் சொல்கிறேன். ரேஸ் காரையே பார்த்திராத பிள்ளைகள் அன்றைக்கு வாய் பிளந்து நின்றார்கள். ஆனால் தடுப்புச் சுவரைக் கழற்றிவிட்டால் அது மறுபடியும் சிவானந்தா சாலைதான். வாய் பிளந்த பிள்ளை மறுநாள் எங்கே போய் ஓட்டிப் பழகுவான்?

இருங்காட்டுக்கோட்டைதான் அதற்கு இடம். அதனால் கேட்கிறேன். அந்த டிராக்கைப் புதுப்பிக்கும்போது முதல் பணம் ஓடுபாதைக்கும், தடுப்புகளுக்கும், மருத்துவ வசதிக்கும் போகட்டும். வளைவுகளின் குணத்தைக் கெடுக்காதீர்கள். ஒரு மெக்கானிக் தன் மகனோடு பஸ்ஸில் வந்து பார்க்கிற விலையில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். வண்டிகளைச் சரிபார்க்கிற பிட் பக்கம் அரை மணி நேரமாவது அவர்களை விடுங்கள். பிரித்துப்போட்ட இன்ஜினைப் பக்கத்தில் பார்க்கிற பையனுக்கு அதுவே பள்ளிக்கூடம். அப்புறம், வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை பசங்களுக்கு வருஷத்தில் சில நாளாவது கட்டணமில்லாப் பயிற்சி வையுங்கள். ஓட்டுநராக மட்டுமல்ல, கொடி காட்டும் மார்ஷலாக, வண்டியைச் சோதிக்கிற ஆளாகவும்.

சோழவரத்துக்காக ஒன்றே ஒன்று. ஜி.என்.டி. சாலையில் அந்த இடத்துக்குத் திரும்புகிற முனையில், இங்கே பந்தயம் நடந்தது என்று தமிழில் ஒரு பலகை வையுங்கள். வைக்கிற நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். நைனாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு மெக்கானிக்கின் மகன்